ஒரு பூனைகூடக் கிடையாது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

"வீட்டுல பிராணி ஏதாவது வளர்க்கிறீங்களாம்மா?" என்று தோல் டாக்டர் போன மாதம் கேட்டார். "ஒரு பூனைகூடக் கிடையாது டாக்டர்" என்றேன்.

வலது ஆள்காட்டி விரலில் ஒரு கட்டி. வலியில்லை. பிறகு மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று. காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசை. தோலில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி எதுவும் முளைக்கவில்லையாம். நீ கொடுத்த சிறுநீரகத்தை என் உடம்பு விரட்டிவிடாமலிருக்கச் சாப்பிடுகிறேனே, அந்த மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைத் தூங்க வைத்திருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை.

நீதான் ஃபோனை எடுப்பதே இல்லையே! நான் ஓய்வு பெற்றபோது நீ வாங்கித் தந்த மீன்கள்தான் பேச்சுத்துணை. நேற்றுகூடத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

மீன் பிராணி இல்லாமல் கத்தரிக்காயா? உன் வகுப்பில் ஒரு பையன் இப்படி விடை சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாய்.

கிண்டல் இருக்கட்டும். உடனே டாக்டரிடம் போய்த் தொட்டியைப் பற்றிச் சொல். இனி அதில் கை வைக்காதே. சிறுநீரகமும் நான் கொடுத்தது, அந்தத் தொட்டியும் நான் கொடுத்தது. அதுதான் தூங்கவிடவில்லை.

உன் தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா!" என்று டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மீன் தண்ணீரில் வாழும் கிருமியாம். உடம்புச் சூடு அதற்கு ஆகாதாம்; அந்தச் சூட்டில் வைத்துப் பார்த்ததால்தான் முதல் தடவை முளைக்கவில்லையாம். மறுபடி தோலெடுத்துக் குளிர்ச்சியாக வைத்துப் பார்த்தார்கள். சில வாரத்தில் முளைத்துவிட்டது.

கிருமிக்கு மருந்து தொடங்கியாயிற்று. பழைய மாத்திரைகளைக் குறைத்துவிட்டார்கள். காவல்காரனை எழுப்பினால்தானே திருடனைப் பிடிப்பான்? ஆனால் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவன் வீட்டு விருந்தாளியையும் அடித்துவிடக்கூடும். "கால் வீங்குதான்னு தினமும் பாருங்க. வீங்கினா சிறுநீரகம் தடுமாறுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினார்.

கட்டிகள் வாடுகின்றன. வரிசை கலைகிறது.

நேற்றுக் காலை கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து குனிந்து பார்த்தேன். குழி அப்படியே இருந்தது; வீக்கம்தான். நாளை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன்.

உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே. பூனை இல்லை என்று சொன்னது நீயல்ல. எனக்கு வேறொரு கவலை. உன்னிடம் மிச்சமிருக்கும் சிறுநீரகம் ஒன்றே ஒன்று. இதைப் படித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார். உன் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்.

அக்கா