அசனாலி மகள் வரைந்த நீலக் குதிரை

பிஷ்கெக்,
ஜூலை 11, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். இருந்தாலும் கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். மந்தை சுகமா? மனிதர்கள் சுகமா? அம்மாவின் இடுப்பு வலி குறைந்ததா? உங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். சத்திபால்டி அண்ணனிடம் தைலம் இரண்டு குப்பி கொடுத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றும் உங்களுக்குத்தான், குதிரைக்கு இல்லை. அம்மா அனுப்பிய குருத், அந்த உலர்ந்த தயிர் உருண்டைகள், வந்து சேர்ந்தன. படம் வரையும்போது வாயில் ஒன்றைப் போட்டு ஊறவைத்துக்கொண்டே பாதியைத் தீர்த்துவிட்டேன், மீதிப் பாதியை என் தோழி ஸோயா தீர்த்துவிட்டாள்.

சோன்கோல் ஏரிப் பக்கம் போன் எடுக்காதது இந்த ஒரு தடவை நல்லதாகப் போயிற்று. போனில் பேசியிருந்தால் இரண்டாவது பேச்சிலேயே நான் அழுதிருப்பேன், மூன்றாவது பேச்சுக்கு முன்னால் நீங்கள் போனை வைத்திருப்பீர்கள். காகிதம் என்றால் முழுவதும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் சொல்லியனுப்பியது வந்தது. சத்திபால்டி அண்ணன் மாவு வாங்க இறங்கியவர், நேராக என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். "அந்தப் புள்ளைகிட்ட சொல்லு. அவங்க கேக்குற மன்னிப்பை எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாக்கட்டும். முடியாதுன்னா, அந்தக் குதிரைப் படத்துல இருந்து என் பேரை எடுத்துடட்டும்." சொல்லி முடித்ததும் பாவம், ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார்.

அப்பா, என் படங்களுக்குக் கீழே நான் வேறு எந்தப் பெயரும் போடுவதில்லை. நம் வழக்கப்படி பெர்மெத் அசனாலி கிஸி, அசனாலியின் மகள் பெர்மெத். பாஸ்போர்ட்டில் அப்படி மாற்றுவதற்கு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். அதிலிருந்து உங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பெர்மெத். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பெர்மெத் மேல்தான் விழ வேண்டும்.

விருந்தில் நடந்ததை அண்ணி சொன்னாள். குதிரை இறைச்சியைப் பங்கு வைக்கும்போது ஜோல்தோஷ் மாமா எல்லோர் காதிலும் விழும்படி, "ஏம்ப்பா அசனாலி, பட்டணத்துல இருக்குற உம் பொண்ணுக்கு நீலத் தொடைக்கறி ஏதாச்சும் எடுத்து வைக்கவா?" என்று கேட்டாராம். கூடாரமே சிரித்ததாம். நீங்கள் மரியாதைக்கு உங்கள் முன்னால் வைத்த எலும்பைத் தொடாமல், வீட்டுக்கு எடுத்துப்போகும் பங்கையும் வாங்காமல் எழுந்து வந்துவிட்டீர்களாம். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குப் பென்சில் ஓடவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என்னைத் திட்டுவதற்கு உங்கள் தட்டுதானா கிடைத்தது அவருக்கு?

உங்களுக்கு வந்து சேர்ந்தது பாதிக் கதைதான். மீதியை நான் சொல்கிறேன், முழுவதும் கேளுங்கள்.

பதிப்பகத்திலிருந்து கதையோ பாட்டோ வரும். நான் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்து வரைவேன். ஈரம் காயாத படங்களைப் பால்கனிக் கொடியில், காலுறைகளுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டுவேன். பிறகு "சின்னத் திருத்தம்" வரும். எட்டு வருஷத்தில் ஒரு திருத்தமும் சின்னதாக வந்ததில்லை. கரடியின் பல்லைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார்கள். கடைசியில் அது எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி ஆனது, அதுதான் அச்சில் வந்தது. ஓநாய் சிரிக்க வேண்டும், பயமுறுத்தக் கூடாது, ஆனால் ஓநாய் மாதிரியும் இருக்க வேண்டும் என்றார்கள். அதையும் செய்தேன். ஆகவே நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள் என்று நினைக்காதீர்கள். முயலுக்கு மூன்று கால்தான் வேண்டும் என்று கேட்டால், நான்காவதை எந்தப் புதருக்குப் பின்னால் ஒளிக்கலாம் என்று யோசிப்பவள் நான். அதுதான் என் பிழைப்பு, அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

இந்தத் தடவை வந்தது எட்டு வரிப் பாட்டு. விடிவதற்கு முன்னால் ஒரு பையன் செருப்பில்லாமல் தன் கோக் குதிரையைத் தேடிப் போகிறான். நான் குதிரையை நீலமாக வரைந்தேன். பதிப்பாசிரியர் சல்தனாத் அக்கா பார்த்து, "ஐயோ, என்ன அழகுடி!" என்று சொல்லித்தான் அச்சுக்கே அனுப்பினார். புத்தகம் கடைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. யாரோ ஒரு வாத்தியார் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். வானத்தின் நீலமும் கோக், புல்லின் பச்சையும் கோக், ஆனால் குதிரைக்குக் கோக் என்றால் சாம்பல் நிறம், இதுகூடத் தெரியாத பட்டணத்துப் பெண்ணிடமா நம் பிள்ளைகளின் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தார். கேட்க வேண்டுமா? "இந்தப் பொண்ணு குதிரையை டிவியிலயாச்சும் பாத்திருக்குமா?" என்று ஒருவர். "அடுத்த புத்தகத்துல ஆடு ரோஸ் கலரா?" என்று இன்னொருவர். நான்கு நாளில் அது மலையேறி ஜோல்தோஷ் மாமாவிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

பதிப்பகம் நடுங்கிவிட்டது. கூப்பிட்டார்கள், போனேன். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. நான் எழுதியதாக அவர்கள் எழுதியது: "நகரத்தில் வளர்ந்த எனக்குக் குதிரைகளின் நிறங்களைப் பற்றிப் போதிய அறிவு இல்லாததால் இத்தவறு நேர்ந்தது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்." கீழே கோடு போட்டு என் பெயர், உங்கள் பெயர்.

நான் சொன்னேன், "படத்தைச் சாம்பலா மாத்தித் தரேன் அக்கா. நாளைக்கே தரேன். இதுல கையெழுத்துப் போடமாட்டேன்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்தறது பெரிசில்லடி, காரணம்னு ஒண்ணு சொல்லணும்ல? தெரியாம செஞ்சேன்னு சொன்னா ஜனங்க மன்னிச்சுடுவாங்க. தெரிஞ்சே செஞ்சேன்னா விடவே மாட்டாங்க. ரெண்டு வரிதானே, போட்டுடு. அடுத்த ரெண்டு புத்தகமும் உனக்குத்தான்" என்றார். கெட்ட மனுஷி இல்லை அவர். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த இரண்டு புத்தகமும் இப்போது வேறொரு பையன் கையில் இருக்கிறது. நன்றாக வரைவான், எனக்கு அவன் மேல் வருத்தமில்லை.

இப்போது சொல்லுங்கள். அவர்கள் கேட்டது படத்தை இல்லை. எனக்குக் குதிரை தெரியாது என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒன்பது வயதில் நீங்கள் என்னைத் தனியாக மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புவீர்கள், காணாமல் போன குதிரையைக் கூடாரம் கூடாரமாக விசாரித்து வர. பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்குத் தெரியும்? நிறம் சொல்லித்தான் கேட்க வேண்டும். செவலை, கருஞ்செவலை, வெளுத்த சாம்பல், கருஞ்சாம்பல், முதுகில் கறுப்புக் கோடு ஓடும் மஞ்சள். ஒரு தடவையாவது தப்பான குதிரையை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேனா? ஜோல்தோஷ் மாமாவின் குதிரையையே இரண்டு தடவை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன், அதை அவர் விருந்தில் சொல்ல மாட்டார். நான் பிடிவாதக்காரி என்று எழுதித் தரச் சொல்லியிருந்தால் இரண்டு பிரதி எழுதிக் கொடுத்திருப்பேன். அசனாலி மகளுக்குக் குதிரை நிறம் தெரியாது என்று என் கையால் எழுத மாட்டேன். அது என்னைப் பற்றிய பொய் மட்டும் இல்லை.

தெரிந்தே ஏன் நீலம் போட்டாய் என்று கேட்பீர்கள். உங்களால்தான். எனக்கு ஆறு வயது, இரவு மேயப் போன குதிரைகளை ஓட்டி வர நீங்கள் என்னையும் சேணத்தில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனீர்கள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஏரி மேல் மூடுபனி. அதற்குள்ளிருந்து முதலில் அந்தக் கோக் பெட்டைதான் நனைந்துபோய் வெளியே வந்தது. நான், "அப்பா, குதிரை வானம் கலர்ல இருக்கு" என்று கத்தினேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின்ன எதுக்கு அதுக்குக் கோக்னு பேர் வச்சாங்கன்னு நெனச்ச?" என்றீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும். அன்றைக்கு உங்களுக்கு அது ஒரு பேச்சே இல்லை. எனக்கு அதுதான் முதல் பாடப் புத்தகம். அந்த நேரத்தில் எழுந்து அந்தக் குதிரையைப் பார்த்தவர்கள் சொல்லட்டும் அது சாம்பல் என்று, ஒத்துக்கொள்கிறேன்.

இதைப் பதிப்பகத்தில் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். மலையில் குதிரை மேய்க்கும் அப்பா சொன்னது என்றால் உடனே கைதட்டி, உங்கள் தொப்பியோடு படம் பிடித்து இணையத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் எனக்கு மட்டும் சொன்னதை எடுத்துக் கடைவிரிக்க மனம் வரவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

டோக்மோக் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை ஒரு முறை வாசித்துக் காட்டினேன், சண்டை வருவதற்கு முன்னால். முப்பது பிள்ளைகள். குதிரை ஏன் நீலம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "அக்கா, அந்தப் பையன் செருப்பில்லாம போறானே, அவங்கம்மா திட்டமாட்டாங்களா?" என்றுதான் ஒரு பெண் கவலைப்பட்டாள். "எங்க வீட்லயும் கோக் குதிரை இருக்கு, ஆனா அது சோம்பேறி" என்றான் ஒருவன்.

பாட்டு என்னுடையதில்லை, அதை அவர்களிடமே விட்டுவிட்டேன். குதிரை என்னுடையது. அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நானும் ஸோயாவும் பதினாறு பக்கத்துக்கு ஒரு படக்கதை போட்டிருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று தூக்கிப்போட்ட நகல் இயந்திரம் அவள் வீட்டில் இருக்கிறது. ஒரு ஓட்டத்துக்கு ஒரு நிறம்தான். முதலில் நீலம், காய்ந்த பிறகு கறுப்பு. தாள் இம்மி விலகினாலும் குதிரை தன் கோட்டைத் தாண்டி வெளியே நடக்கிறது. துணி தேய்க்கும் பலகையில் வைத்து மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிறோம். கதை இதுதான்: நீலக் குதிரையைப் பதிவு செய்ய அதன் சொந்தக்காரர் கால்நடை அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறார். குமாஸ்தா, "நீலம்னு கட்டமே இல்ல. சாம்பல், கறுப்பு, செவலை, சீக்கிரம் ஒண்ணச் சொல்லு, பின்னால ஆள் நிக்குது" என்கிறார். குதிரை படிவத்தைத் தின்றுவிடுகிறது.

சொந்தக்காரர் நீங்கள்தான். தொப்பி, முழங்கால், எல்லாம் அப்படியே. கேட்காமல் வரைந்தேன், திட்டுங்கள். முந்நூறு பிரதியும் அச்சாகிவிட்டது. அத்தனை அட்டையிலும் உங்கள் பெயர் இருக்கிறது. எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். கொடுத்த பெயரைத் திருப்பிக் கேட்க அது இரவல் சேணம் இல்லை அப்பா. முப்பத்தொரு வருஷம் போட்டு என் முதுகுக்கு அது பழகிவிட்டது.

ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் படத்தைப் பாருங்கள். குமாஸ்தா எழுந்து நின்று உங்களிடம், "இந்தக் குதிரை என்ன நிறம்னு நீயே சொல்லுய்யா" என்கிறார். உங்கள் வாய்க்கு மேலே வசனம் எழுதுகிற வட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். "ஏதாச்சும் எழுதித் தொலைடி, அச்சுப்பிழைன்னு நெனச்சுக்குவாங்க" என்று ஸோயா மன்றாடினாள். நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனோ, அதை அங்கே எழுத எனக்கு அரை நிமிஷம் போதும். எழுதவில்லை. நான் சொல்லாததை என் பெயருக்கு மேலே எழுதி நீட்டினார்கள். அதை நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன்.

புத்தகத்துக்குள் ஒரு பென்சில் இருக்கிறது. சத்திபால்டி அண்ணன் அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் இறங்குவார். வட்டத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்புங்கள். வசவு எழுதினாலும் சரி, அடுத்த முந்நூறில் உங்கள் கையெழுத்திலேயே அச்சடிப்பேன். வெறுமையாக மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் அப்பா.

மந்தை பெருகட்டும், உங்கள் முழங்கால் மடங்கட்டும், அம்மாவின் கை நோகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் என்ன சொன்னாலும்,
பெர்மெத் அசனாலி கிஸி