தெரியாத கடலில் நின்றவளுக்கு

நிலவறையை, இங்கே நாங்கள் சொல்லும் கெல்லரை, காலி பண்ணச் சொல்லி வீட்டு நிர்வாகம் அறிவித்திருந்தது. தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிறார்களாம். பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் கிடந்த என் முதுகுப் பையை இழுத்து எடுத்தபோது, அதன் மழை உறைக்குள் இருந்து ஒரு பிடி மணலும் சில ஊசி இலைகளும் கொட்டின. கூடவே அந்த மணமும் வந்தது. பாசி, ஈரக் கம்பளி, விறகுப் புகை, அவற்றுக்கு அடியில் உப்பு. கெல்லரின் நிலத்திலேயே குந்தி இருந்துவிட்டேன். மேல்மாடிச் சுவிஸ்காரர் படியிறங்கி வந்து சுகமாயிருக்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு உன்னோடு இப்படி நேரே கதைத்ததில்லை. இன்றைக்குக் கதைக்கிறேன்.

லாங்கன்தாலில் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் நாம் இருவரும் எத்தனையோ வருடங்கள் எதிரெதிரே நின்று விரிப்பு மடித்தோம். நீ ஒரு முனை, நான் ஒரு முனை. எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன கிழமை நீதான் வந்து கேட்டாய். "ஞாயிற்றுக்கிழமை என்னோடை நடக்க வாறியோ?" எங்கள் சனம் உன்னைப் பார்த்துச் சிரித்த காலம் அது. சேலை கட்டிக் கோயிலுக்குப் போகவேண்டிய ஞாயிறில் நீ சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பலகை காட்டும் மலைப்பாதை எல்லாம் ஏறுகிறாய் என்று. நான் வந்தேன். முதல் நாள் மூச்சு வாங்கி நின்றபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய் இருந்து, நான் வந்து சேர்ந்ததும் தேத்தண்ணியை ஊற்றித் தந்தாய்.

மலைக்கு எங்கே என்றாலும் வருவாய். கடலுக்கு மட்டும் வரமாட்டாய். உன் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது இத்தாலிக் கரைக்குப் போவோம் என்று கெஞ்சுவார்கள். நீ தகப்பனோடு அனுப்பிவிட்டு வீட்டில் நிற்பாய். கேட்டால், "எனக்கு மலை காணும், கடல் வேண்டாம்" என்பாய். வடமராட்சிக் கரையில், அலைச் சத்தத்துக்குள் பிறந்தவள் நீ. ஏன் என்று நானும் தோண்டிக் கேட்டதில்லை. உனக்கு ஒரு தம்பி இருந்தான், கடலுக்குப் போனவன் வரவில்லை என்பது மட்டும் தெரியும். எங்கள் சனத்தில் அப்படி ஒருவரை இழக்காத வீடு குறைவு. அதனால் யாரும் யாரையும் பெரிதாகக் கேட்பதில்லை.

ஊரில் உன் அம்மா தவறின வருடம் அது. நீ செத்தவீட்டுக்குப் போய் வந்து ஒரு மாதம் இருக்கும். பிறகு ஒருநாள், விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாய்.

"கனடாவிலை மேற்குக் கரையாலை ஒரு நடை இருக்கு. காடும் கடலும். வழிகாட்டி கூட்டிக்கொண்டு போவினமாம். நான் போறன். நீயும் வா."

"கடற்கரையாலேயோ?"

"ஓம்."

"நீயோ?"

விரிப்பின் உன் முனையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாய். "எங்கடை கடல்லை போய் நிக்க எனக்கு ஏலாது. அது தெரிஞ்ச கடல். தெரியாத கடல் எண்டால் நிக்கலாம்போலை கிடக்கு."

உன் மனுசனுக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டின இரண்டு பெண்கள், கரடி இருக்கிற காட்டுக்குள்ளே என்ன தேடிப் போகிறீர்கள் என்று கேட்டார். நீ சிரித்தாய்.

அந்தக் காட்டை எங்கள் சுவிஸ் கால்கள் எதிர்பார்க்கவில்லை. இங்கே பாதை என்றால் பாதை. அங்கே பாதை என்று சொன்னது வேரும் சேறும் விழுந்து கிடந்த மரமும்தான். கணுக்கால் மறையும் சேற்றில் தடியை ஊன்றி ஊன்றி நடந்தோம். பாறைச் சரிவுகளில் ஏணி ஏணியாக இறங்கினோம். ஆறு குறுக்கிட்ட இடங்களில் கம்பியில் தொங்கிய ஒரு கூடைக்குள் ஏறி இருந்து, கயிற்றை நாமே இழுத்து அக்கரைக்குப் போனோம். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள். அவற்றின் கொப்பெல்லாம் பாசி தொங்கியது. மழை விட்ட பிறகும் மரங்கள் தம்பாட்டில் பெய்துகொண்டிருந்தன.

கடல் எங்கே போனாலும் கேட்டது. காட்டின் உள்ளே நின்றாலும் கேட்டது. நீ எப்போதும் என்னைக் கடல் பக்கமாக நடக்கவிட்டாய். கூடாரத்தின் வாசலைக் காட்டைப் பார்க்க வைத்தாய். எங்களைக் கூட்டிப் போனவர்களில் கிளேர் என்ற இளம் பெண் இதைக் கவனித்துவிட்டாள். அடுப்புப் பற்றவைக்கும்போது மெதுவாக என்னிடம் கேட்டாள், "உங்கள் சிநேகிதிக்குக் கடலென்றால் பயமா?" எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

பிறகு அந்தப் பாறைமுனை வந்தது. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் சுற்றிப் போகக்கூடிய இடம். தண்ணீர் ஏற முன்னம் அப்பால் போய்விட வேண்டும் என்று கிளேர் காலையிலேயே சொல்லியிருந்தாள். வழுக்கும் பாறையில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். மூலையில், அலை ஒதுக்கிய மரக்கட்டைகளுக்கு நடுவே ஒரு வலைக் குவியல் கிடந்தது. வெளிறிப்போன நைலோன் வலை. அதில் ஒரு மிதவை இன்னும் கட்டியபடி இருந்தது.

நீ நின்றாய். குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாய். "தம்பியும் இப்பிடித்தான் முடிச்சுப் போடுவான்" என்று சொன்னாய். பிறகு பையைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் குந்தி இருந்துவிட்டாய்.

நான் கூப்பிட்டேன். நீ அசையவில்லை. கிளேர் வந்து கூப்பிட்டாள். நீ அவள் முகத்தைப் பார்த்தாய், ஆனால் அவள் சொன்னது உனக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீர் பாறை இடுக்குகளில் புகுந்து வெண்ணுரையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட ஏறியது. கையைப் பிடித்து இழுத்தேன். உன் பாரம் எனக்கு அசையவில்லை.

"எடி எழும்பு, தண்ணி வருது."

"வரட்டும்."

நீ என்ன நினைத்து அங்கே வந்தாய் என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன். நானும் உன் பக்கத்தில் குந்தினேன். "அப்ப நானும் இருக்கிறன்" என்றேன். வீரமாகச் சொல்லவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சொன்னேன். என் சப்பாத்துக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது. நீ என் காலைப் பார்த்தாய். "உனக்குச் சீனி. கால் நனையக் கூடாது" என்று சொல்லி எழும்பினாய்.

முனையைச் சுற்ற இனி நேரமில்லை. கிளேர் முன்னமே மற்றவர்களை இன்னொரு வழிகாட்டியோடு அப்பால் அனுப்பிவிட்டு எங்களோடு நின்றுவிட்டாள். மூன்று பேரும் பாறையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக் காட்டுக்குள் ஏறி, மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டோம். அவள் தேநீர் வைத்துத் தந்தாள். எதுவும் கேட்கவில்லை. கோபிக்கவும் இல்லை. இப்போதும் அவளை நன்றியோடு நினைக்கிறேன்.

அந்தப் பின்னேரம், மழை கூடாரத் துணியில் விழுந்துகொண்டிருக்க, நீ சொன்னாய். தம்பியும் இன்னும் இரண்டு பேரும் ஒரு படகில் போனார்கள். படகும் வரவில்லை, பலகையும் வரவில்லை. சண்டைக்காலம், போய்த் தேடவும் வழியில்லை. அந்தியேட்டிக் கிரியை செய்து அவனை வழியனுப்பச் சொல்லி ஐயர் எத்தனையோ தரம் சொன்னாராம். உன் அம்மா ஒரே பதில்தான் சொன்னாவாம், "செத்ததைக் கண்டவையோ?" அவ கண் மூடுகிற கிழமை வரை பின்கதவுக்குக் கொண்டி போடவில்லை. அவன் அந்தக் கதவால்தான் வருவான்.

"இப்ப வீடு பூட்டிக் கிடக்கு" என்றாய். "அவன் வந்தால் ஆர் திறக்கிறது? அம்மா போயிட்டா. நான்தான் சொல்லவேணும் அவனுக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ கதை கதைப்பதுபோல, "நான் செத்தால் என்ரை சாம்பலைக் கடல்லை போடவிடாதை. மலையிலை எங்கையாவது போடச் சொல்லு" என்றாய். விசர்க்கதை கதைக்காதே என்று நான் ஏசினேன்.

மறுநாள் காலை தண்ணீர் வற்றியபோது, பையின் அடியில் இருந்து ஒரு யோகர்ட் டப்பியை எடுத்தாய். அதற்குள் பச்சரிசியும் எள்ளும். லாங்கன்தாலிலிருந்து அதைச் சுமந்து வந்திருந்தாய். கிளேரின் அடுப்பில் அரிசியை வேகவைத்தாய். "மந்திரம் ஏதும் தெரியுமோ உனக்கு?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. பொம்பிளையள் செய்யிறதும் இல்லை." எள்ளோடு உருண்டை பிடித்த சோற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினாய். நான் உன் பின்னால் நின்று உன் மழைச்சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ உரத்துச் சொல்லவில்லை. அறைக்குள் படுத்திருக்கிறவனை எழுப்பாமல் சொல்வதுபோலச் சொன்னாய். "யோகன், அம்மா செத்திட்டா. இனி வீட்டை வரவேண்டாம். கதவு பூட்டியாச்சு. நீ போ அப்பன்."

அலை வந்து கையிலிருந்ததைக் கொண்டுபோயிற்று. கிளேர் கரையில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதோடு உனக்கு ஆறிவிட்டது என்று எழுத எனக்கும் விருப்பம்தான். ஆறவில்லை. திரும்பி வந்த பனி மாரி முழுவதும் நீ அழுதாய். விரிப்பு மடிக்கும்போதே அழுதாய். ஒருநாள் சொன்னாய், "முதல் அவன் காணாமல் போனவன். இப்பதான் செத்திருக்கிறான். இந்தக் கிழமை செத்தவன் மாதிரிக் கிடக்கு." முப்பது வருடம் பிந்திய செத்தவீடு உனக்கு அந்த மாரியில் நடந்தது. கனடாவுக்குக் கூட்டிப்போய் உன்னைக் கெடுத்துவிட்டேன் என்று திரிம்பாக்கில் உள்ள எங்கள் கோயிலில் ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள்.

இளவேனிலில் கொஞ்சம் தெளிந்திருந்தாய். எனக்கு வேலை இருந்த ஒரு ஞாயிறு நீ தனியே யூரா மலைப் பக்கம் போனாய். பாதையோர மரத்தில் சாய்ந்தபடி, பை முதுகில் கிடக்க, இருந்த மாதிரியே இருந்தாயாம். நடக்க வந்த ஒரு சுவிஸ் தம்பதி கண்டு அறிவித்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். முகத்தில் நோவு இல்லை என்றும் சொன்னார்கள். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

எரித்த பிறகு உன் வீட்டு விறாந்தையில் சனம் நிறைந்திருந்தது. சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைப்பதாகக் கதை. நான் உன் மனுசனைக் குசினிக்குள் கூப்பிட்டு, நீ கூடாரத்தில் கேட்டதைச் சொன்னேன்.

அவர் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைத் திருகி மூடினார். "அப்பிடியோ சொன்னவ?"

"ஓம் அண்ணை."

"என்னட்டைச் சொல்லேல்லை."

"சொல்ல நினைச்சிருப்பா."

"இல்லைத் தங்கச்சி. தம்பியைப் பற்றியே என்னட்டை ஒருநாளும் வாய் திறந்து கதைச்சதில்லை."

ஆனாலும் நீ சொன்னபடியே செய்தார். உன் பிள்ளைகளும் அவரும் நானும் மேலே ஏறினோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான் தெரிந்தது. காற்று அடங்கும்வரை காத்திருந்து அவர் தூவினார். இறங்கும்போது என்னோடு கதைக்கவில்லை. அதன் பிறகும் கதைப்பது குறைவு. கடையில் கண்டால் தலையசைப்பார். அவருக்குத் தெரியாத உன்னை நான் தெரிந்துவைத்திருந்தேன் என்பது அவருக்கு ஆறாத புண். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

நீ என்னிடம் விட்டுப் போனது உன் தம்பியைத்தான். அன்று கூடாரத்துக்குள் இருட்டும்வரை அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாய். துடுப்பு பட்டு முன்பல் உடைந்தவன். பழங்கறி இருந்தால்தான் பிட்டுச் சாப்பிடுவான். கடலுக்குப் பயப்படாதவன், நாய்க்குப் பயம். ஒழுங்கையில் நாய் படுத்திருந்தால் உன் மறுபக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்வான், மீசை அரும்பின பிறகும். உன் அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. உன் பிள்ளைகளுக்கு அவனுடைய பெயர் மட்டும் தெரியும். நான் ஒருநாளும் கண்டிராத அந்தப் பெடியனை நினைக்க இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் யாராவது நாயோடு எதிரே வந்தால் நான் தெருக் கரைக்கு ஒதுங்குகிறேன், என் மறுபக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு.