உள்ளங்கை அளவு வளர்வதற்குள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, பார்க்கிற வேலையிலும் குறைவில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும், உன் அண்ணனும் அண்ணியும், அவர்கள் பெற்ற வாலும் சௌக்கியம். உன் டாரன்டுலா சிலந்திகள் இரண்டும் சௌக்கியம் என்று எழுதிவிட்டால் கடிதத்தை இங்கேயே மடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை, அதைச் சொல்வதற்குத்தான் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "அப்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்பாய், இல்லாவிட்டால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு ஏதாவது சொல்லிச் சிரித்து என் கோபத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாள். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. ஆகையால் முழுவதும் படி, நடுவில் எழுந்து போகாதே.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் போன் செய்கிறாய், நல்லது, ஆனால் எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வி என்ன? "அப்பா, மகாராணி சாப்பிட்டாளா?" அடுத்தது, "துரை வெளியே வந்தானா?" பெற்ற அப்பன் சாப்பிட்டானா என்பது மூன்றாவதாக வந்தால் அது என் அதிர்ஷ்டம். நீ இரண்டையும் விட்டுவிட்டுப் போனபோது அவை மிளகு அளவுகூட இல்லை, மாத்திரை டப்பாவில் ஊசியால் ஓட்டை போட்டு, ஆளுக்கொரு டப்பாவாகக் கொடுத்தாய். சில்வண்டின் காலைக் கிள்ளி உள்ளே போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். முப்பத்தொரு வருஷமாக பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கிற மனுஷன், ஐந்து நிமிஷம் பிந்தி வந்த வண்டிக்குச் சிவப்பு மையால் கோடு போடுகிறவன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூச்சியின் காலைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிச் சில்வண்டுகள் தப்பித்து அலமாரிக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகின்றன, அவற்றின் கச்சேரி ஓய்வதே இல்லை. உன் அண்ணன் ஒரு தடவை அவற்றின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துத் தருகிறேன் என்று கையை விட்டான், துரை பின்னங்காலால் வயிற்று முடியைத் தேய்த்து அவன் மேல் பறக்கவிட்டான், மூன்று நாள் கையைச் சொறிந்துகொண்டே ஆபீஸ் போனான். இத்தனைக்கும் பிறகு அவை வளர்கின்றனவா என்றால், அதுதான் கிடையாது. துரை வளைக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் தினமும் ஒரு மண் டப்பாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் டிப்போவில் ஒரு வண்டி ஆறு மாதம் இப்படி நின்றிருந்தால் அதன் மேல் செடி முளைத்திருக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலைக்கென்று கிளம்பின அன்று வாசலில் பெட்டியோடு நின்றாயே, உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாளே, அப்போது நீ சிரித்துக்கொண்டே, "அழாதம்மா, மகாராணி உன் உள்ளங்கை அளவு வளர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. எந்த டிரைவர் "வந்துடுறேன் சார்" என்று சொன்னாலும் "எத்தனை மணிக்கு?" என்று கேட்காமல் விட்டதில்லை, பெற்ற மகளிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மகாராணி ஒவ்வொரு தடவை தோல் உரிக்கும்போதும் அந்தத் தோலை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்துவைத்தேன். நாலு வருஷம் முடிந்து பார்த்தால் ஒரு தீப்பெட்டியின் நீளத்தைத் தாண்டப் படாதபாடு படுகிறாள். பொறுக்க முடியாமல் போன வருஷமே, நீ பூச்சி வாங்கிக்கொண்டிருந்த அந்தச் செல்லப்பிராணிக் கடைக்காரரிடமே கேட்டேன். அவர் தோலை லென்ஸில் பார்த்துவிட்டு, "இது பொம்பளைதான் சார், கவலைப்படாதீங்க, இருபத்தஞ்சு வருஷம்கூட இருப்பா" என்றார். நான் அதைக் கேட்கவில்லை, உள்ளங்கை அளவு எப்போது வரும் என்று கேட்டேன். "இந்த ஜாதி ரொம்ப மெதுவா வளரும் சார், முழுசா வளர எட்டு, பத்து வருஷம் ஆகும்" என்று கொஞ்சமும் சங்கடமில்லாமல் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு மீனைப் பையில் பிடித்துப் போடப் போய்விட்டார்.

பாப்பா, அன்று வீட்டுக்கு நடந்தேதான் வந்தேன், டிப்போக்காரன் பஸ் ஏறத் தோன்றாமல் நடந்து வந்தேன். எனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் உனக்குத் தெரியாமல் இருக்குமா? பள்ளிக்கூடத்திலிருந்தே பூச்சிப் புத்தகமாகப் படித்துத் தள்ளினவள் நீ, தேடித் தேடி இந்த ஜாதியை வாங்கி வந்தவள் நீ. அப்படியென்றால் வாசலில் நின்று சொன்னது விளையாட்டா, இல்லை பத்து வருஷத்துக்கு வரமாட்டேன் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாயா? ஒரு வருஷமாக இதைத்தான் நான் உன்னிடம் கேட்க நினைக்கிறேன், போனை எடுத்ததும் நீ மகாராணி சாப்பிட்டாளா என்று கேட்கிறாய், நானும் சாப்பிட்டாள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும். கோபப்படு, பரவாயில்லை. நீ பத்து நாளைக்கு ஒரு பூச்சி என்று எழுதி ஒட்டியிருந்தாய். நான் அதைக் கிழிக்கவில்லை, ஆனால் வாரத்துக்கு இரண்டு என்று ஆக்கிவிட்டேன். சூடு இருந்தால் சீக்கிரம் வளருமாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, நீ பரீட்சைக்குப் படிக்கும்போது வைத்துக்கொள்வாயே அந்த மேஜை விளக்கை அவள் தொட்டிக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்தேன். ஆமாம், அவளைச் சீக்கிரம் வளர்க்கத்தான், உன்னைச் சீக்கிரம் வரவழைக்கத்தான், சிரிக்காதே. வயிறு கோலிக்குண்டு மாதிரி உருண்டு திரண்டது, கால் மட்டும் நூல் அளவுகூட நீளவில்லை. உன் அம்மா உன் அறைக் கதவுக்கு வெளியே நின்றபடியே, "என்னங்க, இது வளரல, வீங்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் டிப்போவில் இன்னொரு டைம் கீப்பர் லீவு போட்டான், தொடர்ந்து இரண்டு டூட்டி பார்க்கும்படி ஆயிற்று. விளக்கை அணைக்காமல் போய்விட்டேன். தண்ணீர்த் தட்டு காய்ந்து, மண் காய்ந்து, வந்து பார்த்தால் மகாராணி மல்லாந்து கிடக்கிறாள்.

முதல் வருஷம் அப்படிக் கிடந்ததைப் பார்த்து உனக்கு அழுதுகொண்டே போன் செய்தேன், "தொடாதீங்கப்பா, சட்டை உரிக்கிறா" என்று நீ கத்தினாய். இப்போது எனக்கு அதெல்லாம் பழக்கம், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆனால் இந்தத் தடவை மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, எல்லாக் காலும் வெளியே வந்து இடது பக்கம் ஒரு கால் மட்டும் பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கடைக்காரருக்குப் போன் செய்தேன், "ஈரப்பசை இல்ல சார், அதான், இழுத்துடாதீங்க, தண்ணியில நனைச்சுக் கொடுத்துப் பாருங்க" என்றார். சின்னப் பிரஷ்ஷை நனைத்து நனைத்துத் தொட்டுக்கொண்டிருந்தேன், வெளிச்சம் போதவில்லை, திடீரென்று பின்னாலிருந்து டார்ச் அடித்தது. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா, அந்த அறைக்குள் காலே வைக்கமாட்டேன் என்று நாலு வருஷமாகச் சபதம் போட்டவள், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள். கடைசியில் மகாராணியே அந்தக் காலைக் கழற்றி விட்டுவிட்டாள், நாங்கள் இழுக்கவில்லை, அது சத்தியம். உன் அம்மாதான் எண்ணிப் பார்த்து, "ஏழுதாங்க இருக்கு" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று வாரமாக உன்னிடம் மறைத்ததும் நான்தான், "தப்பு செஞ்சவரே எழுதிச் சொல்லிடுங்க" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தது அவள்தான். மன்னித்துக்கொள். இப்போது விளக்கு பரணில் இருக்கிறது, பத்து நாளைக்கு ஒரு பூச்சிதான், தண்ணீர்த் தட்டு வற்றுவதே இல்லை. அடுத்த தடவை உரிக்கும்போது கால் குட்டியாக முளைக்கும், அதற்கு அடுத்த தடவை சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். அடுத்த தடவை எப்போது என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். எனக்கு வாய்த்தது எல்லாமே இப்படித்தான்.

இன்னொன்று. உன் அண்ணன் உன் அறையைக் கேட்கிறான். தப்பு இல்லை, வாலுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, அவளுக்கு ஒரு கட்டில் போட இடம் இல்லை. "அவ வரப்போறதில்லப்பா, ரெண்டு பூச்சிக்கு ஒரு ரூமா?" என்று சாப்பிடும்போது கேட்டான். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன், அது அவனுக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம். நீ இதற்காக அவனிடம் சண்டைக்குப் போகாதே, அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதுதான் என் எரிச்சலே. வால் என்ன செய்கிறாள் தெரியுமா, அது அத்தையோட ரூம், அத்தையோட டப்பா, தொடக்கூடாது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவள் மகாராணியைக் காட்டி "அத்தை" என்கிறாள். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் மூக்கை வைத்து அத்தைக்கு டாட்டா சொல்கிறாள். அண்ணி சிரிக்கிறாள், எல்லோரும் சிரிக்கிறோம். உன் அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஆகவே எனக்கு ஒரு பதில் வேண்டும். வரமாட்டாய் என்றால் வரமாட்டேன் என்று எழுது, நான் உன் மேல் கோபப்படமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், கோபப்படுவேன், பிறகு அறையைக் காலி செய்து வாலுக்குக் கட்டில் போடுவேன், மகாராணியையும் துரையையும் கூடத்துக்கு மாற்றிக்கொள்வேன், யாருக்கும் கொடுத்துவிடமாட்டேன். அவள் இன்னும் இருபத்தைந்து வருஷம் இருப்பாளாம், எனக்கு அப்போது எண்பத்து நாலு. அதுவரை பூச்சி பிடித்துப் போட என் கண் போதாது என்பதையும் நினைவில் வை. வருவாய் என்றால் தேதி எழுது. "சீக்கிரம்" என்பது தேதி இல்லை, "பாக்கறேன்ப்பா" என்பதும் தேதி இல்லை. ஒரு நாள் லீவு போட்டு வந்து போனாலும் போதும், ஆனால் எந்த நாள் என்று சொல்.

ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, காலையில் வெறும் காபியோடு ஓடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். நினைத்ததெல்லாம் உனக்கு நல்லபடியாக நடக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். தேதியை மறக்காதே.

உன்னைத் திட்டுவதற்கும் உன்னையே தேடுகிற,
அப்பா.

பின்குறிப்பு: இந்தத் தாளின் பின்பக்கம் திருப்பிப் பார். மகாராணியின் கடைசித் தோலை நனைத்து விரித்து வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். பக்கத்திலேயே உன் அம்மாவின் கையை வைக்கச் சொல்லி அதையும் வரைந்தேன். உள்ளங்கையில் பாதிகூட அவள் வரவில்லை, நீயே பார்த்துக்கொள். அம்மாவின் கையைச் சுற்றிப் போட்ட கோடு நெளிந்து நெளிந்து போயிருக்கிறதே, அது என் பென்சிலின் தப்பு இல்லை. போன வருஷத்திலிருந்து அவள் கை நடுங்குகிறது, டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்படும்படி இல்லை, ஆனால் இது மெதுவாக ஏறத்தான் செய்யும், இறங்காது என்றார். நான் அந்த விளக்கைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தது டாக்டர் அப்படிச் சொன்னதற்கு அடுத்த வாரம். இதை உனக்கு எழுதக்கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள், அதனால் இந்தப் பகுதியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.