பதினைந்து வருட உத்தரவாதம்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. நீ நலமா என்று போனில் கேட்டால் 'ம்' என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், எழுதிக் கேட்டால் எழுதித்தானே பதில் சொல்ல வேண்டும். போன தடவை பேசியபோது, இருக்கிற வேலையை விட்டுவிட்டு உன் தோழியோடு சேர்ந்து சொந்தமாக ஒரு தொழில் ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய், நான் வாயைத் திறப்பதற்குள் 'சிக்னல் சரியில்லம்மா' என்று வைத்துவிட்டாய். சிக்னல் எங்கே போனது என்று எனக்குத் தெரியாதா, உன்னைப் பெற்றவள் நான். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதுவரை பக்கத்தைத் தாவாமல் படி.

முதலில் ஊர்க்கதை. நீ கிளம்பிப் போனபோது நான் வெறும் தையல் சாமான் கடைக்காரி, இப்போது நகராட்சிக் கவுன்சிலர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஜெயித்தேன் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், உண்மைதான், ஆனாலும் கட்டின புருஷன் சொல்கிற பேச்சா அது. வந்து உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பெரிய திட்டம் வந்தது. நம் பழைய கடைத்தெரு முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாக ஒரு வணிக வளாகம், கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், அதற்கும் மேலே சினிமா, பக்கத்திலேயே கார் நிறுத்த மூன்று மாடி. இடம் நகராட்சியுடையது, கட்டுவது ஒரு கம்பெனி, அரசும் தனியாரும் சேர்ந்து செய்கிற கூட்டு முயற்சியாம். எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நம் கடையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைத்திருக்கிறேனே நீல வாளி, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, மழை வந்தால் ஜிப் வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நீ கூட ஊருக்கு வரும்போதெல்லாம் உட்கார்ந்து பேச ஒரு உருப்படியான இடம் இல்லை என்று சலித்துக்கொள்வாயே.

வளாகம் எப்படி இருக்கும் என்று காட்ட நகராட்சி அலுவலகக் கூடத்தில் ஒரு மேஜை நிறைய மாதிரி செய்து வைத்தார்கள். ஸ்பாஞ்சில் மரம், நகத்தளவு கார்கள், அதைவிடச் சின்னதாக மனிதர்கள். மூலைக்கடை வாசலில் சிவப்பு உடுப்பில் ஒரு பொம்மைப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்த மாத்திரத்தில் அது நான்தான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார், 'அந்த நிக்கிற தோரணையப் பாரு, யாரையோ திட்டப் போறா' என்று போகிற வருகிற எல்லோருக்கும் காட்டினார். கார் நிறுத்தும் மூன்று மாடியும் பொம்மைக் கார்களால் நிரம்பி வழிந்தது. எல்லாம் பசை போட்டு ஒட்டியவை, ஒன்றைக்கூட நகர்த்த முடியவில்லை, முயன்று பார்த்தவர் யார் என்று உனக்கே தெரியும்.

மன்றக் கூட்டத்தில் கம்பெனியின் அதிகாரி வந்து திரையில் படம் போட்டுக் காட்டினார். புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத மனிதர், அதனால் கோட்டுக்காரர் என்றே வைத்துக்கொள். அவர் பேசப் பேசப் பாதி புரிந்தது, பாதி மின்விசிறிச் சத்தத்தில் போயிற்று. நடுவில் 'வாகன நிறுத்தத்துக்குப் பதினைந்து வருட உத்தரவாதம்' என்று ஒரு வரி வந்தது. உடனே கைதட்டல். என் பக்கத்து நாற்காலி பேக்கரிக்காரர்கூட பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவைப் பார்க்க வேண்டுமே. வாஷிங் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்த்தே தலை நரைத்த மனிதர், அவர் கண்ட உத்தரவாதம் எல்லாம் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு. பதினைந்து என்றதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார். 'பதினஞ்சு வருஷம் கியாரண்டி தர்றான்னா சாமான் எப்பேர்ப்பட்டதா இருக்கணும்' என்று டீக்கடை, சலூன், மருந்துக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். ஊரே நம்பிவிட்டது, அவர் துறை ஆயிற்றே. எனக்கும் ஒரு புத்திமதி சொன்னார், 'வாய்ல சொல்றத நம்பாத, அடுத்த கூட்டத்துல கார்டு கேட்டு வாங்கு, சீலும் தேதியும் இருக்கணும், இல்லேன்னா செல்லாது.'

நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டேன். இறுதி ஒப்புதலுக்குக் கூடியபோது எழுந்து நின்று, எல்லாம் சரி, அந்தப் பதினைந்து வருட உத்தரவாதத்துக்குக் கார்டு எப்போது தருவீர்கள், தூண் விரிசல் விட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். கோட்டுக்காரர் முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார், நல்ல மனிதர், மறைக்கத் தெரியவில்லை. 'அம்மா, அந்த உத்தரவாதம் நாங்க உங்களுக்குத் தர்றது இல்ல, நீங்க எங்களுக்குத் தர்றது' என்றார். பேக்கரிக்காரர் கையில் பிஸ்கட் பாதி வழியில் நின்றது. விஷயம் என்னவென்றால், கார் நிறுத்த வருகிறவர்களிடம் இவ்வளவு வசூலாகும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவு வராவிட்டால் குறைகிறதை நகராட்சி நம் வீட்டுவரியிலிருந்து எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும், பதினைந்து வருடத்துக்கு. கணக்குக்கு மேலே வந்தால் என்று கேட்டேன், அது கம்பெனிக்காம். கூடினால் அவர்களுக்கு, குறைந்தால் நமக்கு. இந்த ஊரில் இருக்கிற காரையெல்லாம், ஓடாமல் நிற்கிற உன் மாமா காரையும் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தாலும், கீழ்மாடியே நிரம்பாது. ஆக, காலி இடத்துக்கு வாடகை கட்டப் போவது சைக்கிளில் போகிற நாம்.

நகராட்சித் தலைவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 'அதெல்லாம் சும்மா எழுதுறதும்மா, கார் வராமலா போயிடும்' என்றார். எனக்குச் சுருக்கென்றது. வருமென்று அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அந்தக் கையெழுத்தைக் கம்பெனியே போட்டுக்கொள்ளட்டுமே, கட்டடம் வரட்டும், ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம் என்றேன். பின்வரிசையில் யாரோ மேஜையைத் தட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வரியை மட்டும் தனியாக ஓட்டுக்கு விடுவது என்று முடிவானது.

மறுநாளே கோட்டுக்காரர் கடைக்கு வந்துவிட்டார். சண்டை போட வரவில்லை, சாந்தமாகத்தான் பேசினார். அந்த வரி போனால் கடன் கொடுக்கிறவர்கள் பின்வாங்கிவிடுவார்கள், திட்டம் நின்றுவிடும், ஆனால் இந்தப் பழைய கட்டடம் எப்படியும் இடிபடத்தான் போகிறது, அப்புறம் உங்களுக்குக் கடையே இருக்காது, வரியை விட்டுவைத்தால் அந்த மூலைக்கடை உங்களுக்குத்தான், கண்ணாடி முகப்போடு என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கடைதானடி நமக்குச் சோறு போட்டது, உன்னைப் படிக்க வைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன், அவர் கோட்டில் ஒரு பித்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே, கோட்டைக் கழற்றி வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டேன். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தபடியே, மூலைக்கடைக்கு ரொம்ப நன்றி, அதற்காக என் ஓட்டை மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். பித்தானுக்குக் காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை, நாளைக்கு யாராவது லஞ்சம் என்பார்கள்.

ஓட்டெடுப்பு அன்று பார்வையாளர் வரிசையில் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவர் தான் ஏறிய கடைகளிலெல்லாம் மறுபடி ஏறி, 'நான் சொன்னது தப்பு, கியாரண்டி நம்ம தலைலதான்' என்று சொல்லி முடித்திருந்தார், இந்த வயதில் அதற்கும் ஒரு தைரியம் வேண்டும், உன்னிடம் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே. அந்த வரி வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். எனக்குப் பயமாக இருந்தது மகளே, கடையின் சாவி மடியில் கிடந்தது, அது இரும்பாகக் கனத்தது, இரும்புதான், இருந்தாலும். கையைத் தூக்கிவிட்டேன். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிஸ்கட்டோடு கையைத் தூக்கினார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் அந்த வரி போயிற்று, அந்த ஒரு கை பிஸ்கட் கைதான் என்று அவர் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்.

அதற்கப்புறம் கம்பெனியிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. வரவிருந்ததைக் கெடுத்துவிட்டாளே என்று என் கடையில் நூல் வாங்கிக்கொண்டே என்னிடமே சொன்னார்கள். உன் அத்தை கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள், அந்த மட்டும் வீட்டில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நான்தான் உள்ளுக்குள் ஆடிப்போனேன், நம்மால் ஊருக்கு வந்த நல்லது போயிற்றோ என்று சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஒருநாள் கோட்டுக்காரர் புது மாதிரியோடு வந்து இறங்கினார், பித்தான் எல்லாம் கெட்டியாக இருந்தது. என்ன மாற்றம் என்று பார்த்தால், கார் நிறுத்தும் மூன்று மாடி ஒரே மாடியாகச் சுருங்கியிருந்தது. நஷ்டம் தங்களுடையது என்றானதும் நம் ஊரில் எத்தனை கார் ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது பார். நகராட்சி யாருக்கும் எந்த உத்தரவாதமும் தரவில்லை, அடுத்த மாதம் வேலை ஆரம்பிக்கிறார்கள், உன் அத்தையும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் மூலைக்கடை எனக்கு இல்லை. கோட்டுக்காரர் பழிவாங்கினார் என்று சொல்ல மாட்டேன், கட்டடம் சின்னதானதால் இருக்கிற கடைகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள், எனக்குப் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி விழுந்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது, நாலு பேருக்கு முன்னால் சிரித்துவிட்டு வீட்டில் வந்து அழுதேன். ஒழுகாது, அது ஒன்று போதும் என்று சொல்லிக்கொள்கிறேன், நீல வாளியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அப்பாவுக்குத்தான் ஆறவில்லை, புது மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார், சிவப்பு உடுப்புக்காரி எங்கேயும் இல்லை. கடைசியில் குப்பைக்குப் போகக் காத்திருந்த பழைய மாதிரியில் கண்டுபிடித்து, காவலாளியிடம் கேட்டு, பிளேடு வைத்துப் பசையைச் சுரண்டி எடுத்து வந்துவிட்டார். ஒரு கால் கொஞ்சம் உடைந்துவிட்டது, இப்போதுதான் ரொம்பப் பொருத்தம் என்று தன் முழங்காலைத் தட்டிச் சிரிக்கிறார்.

இப்போது உன் விஷயம். தொழில் ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பயந்து பயந்து இருக்கிற வேலையில் உட்கார்ந்திருக்கிற முகம் உன் முகம் இல்லை. ஆனால் தோழியோடு சேர்கிறாய் என்றால், நல்ல வார்த்தை காதில் விழுந்ததும் கைதட்டிவிடாதே, உன் அம்மா தட்டிய மாதிரி. கூடினால் யாருக்கு, குறைந்தால் யாருக்கு என்று முதலிலேயே கேள், கேட்டால் கோபிக்கிறவளாக இருந்தால் அவள் தோழியாகவே இருக்கட்டும், கூட்டாளியாக வேண்டாம். வாய்விட்டு நீ சொல்லாத ஒன்று இருக்கிறது, எல்லாம் கவிழ்ந்து போனால் எங்கே போவது என்றுதானே போனை வைத்தாய். இங்கே வா. உன் அறையில் இப்போது அப்பா கழற்றிப்போட்ட மோட்டார்கள் கிடக்கின்றன, ஒரு மணி நேரத்தில் ஒதுக்கிவிடலாம். மன்றத்தில் ஒரு வரிக்காக அத்தனை சண்டை போட்ட நான், உனக்கு அதே வரியைப் படிக்காமல் எழுதித் தருகிறேன், கார்டு கிடையாது, சீல் கிடையாது, வருடக் கணக்கும் கிடையாது. கூடினால் உனக்கு, குறைந்தால் எங்களுக்கு. இப்படி ஓர் ஒப்பந்தத்தில் பெற்றவர்கள்தான் கையெழுத்துப் போடலாம், நகராட்சி போடக் கூடாது.

நீ தொட்டது துலங்கட்டும், நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. உறையை உதறித் திறக்காதே, பஞ்சில் சுற்றி அவளை உன்னிடம்தான் அனுப்பியிருக்கிறோம், கால் சரியில்லாதவள், எதிலாவது சாய்த்து நிறுத்திவை.

இடுப்பில் கை வைத்தபடி,
உன் அம்மா