கோழி மேல் விழுந்த பழி

ஜூன் 9, திங்கள்
மழை வரும் போலிருந்தது, வரவில்லை. நேற்று பேருந்துப் பணிமனையில் விருந்து. இன்று ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு நிறைய வாந்தி, வயிற்றுப்போக்கு. சமைத்தது, சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் என் நாத்தனார். விசாரிக்க வேண்டிய சுகாதார ஆய்வாளர் நான். நன்றாக மாட்டினேன்! மேலதிகாரியிடம் உறவைச் சொன்னேன். "வேற ஆள் இல்லம்மா. நீ விசாரி, கையெழுத்து நான் போடறேன்" என்றார்.

ஜூன் 10
ஊரே கோழிதான் என்கிறது. கோழி வாங்கிய கறிக்கடை மேல் கல்லெறிந்திருக்கிறார்கள். "என் புள்ளைங்களும் அதே கோழியத்தான்மா தின்னுச்சு" என்று அழுதார் கடைக்காரர். கடையைப் பூட்டிவிட்டார். கோழியாகவே இருந்துவிடக் கூடாதா என்று எனக்கும் ஆசை. சே.

ஜூன் 11
மதியம் சாப்பிட்டவர்கள் கோழியை ஒரு கை பார்த்துவிட்டுக் கல்லுக்குண்டாய் இருக்கிறார்கள். படுத்திருப்பதெல்லாம் சாயங்கால ஷிப்ட். அதில் கோழியே தொடாத கண்டக்டர் ஒருவர். "வெறும் சோறும் தயிரும்தான்மா. குடலே வெளிய வந்திருச்சு."
அதே தயிரை மதியக்காரர்களும் சாப்பிட்டார்களே. அப்படியானால் சோறா?
நாத்தனாரைக் கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: "வண்டி ஓட்டிட்டு வர்றவங்க ஆறின சோறா திங்கணும்? காலையில வடிச்ச ஒரு அண்டாவ கம்பளியால சுத்தி வெச்சேன். சாயங்காலமும் வெதுவெதுன்னு இருந்துச்சு."
அந்த வெதுவெதுப்புதான்! கிருமிக்கு அதைவிடச் சொகுசு ஏது? சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. "பாசத்துல செஞ்சேன்டி. என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

ஜூன் 12
கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "கோழின்னே எழுதிட்டா குடியா முழுகிடும்?"
"கறிக்கடைக்காரர் குடி முழுகலயா?"
கை கழுவப் போய்விட்டார். ஐயோ, நான் என்னதான் செய்ய?

ஜூன் 14
முதல் நாளே எடுத்தனுப்பிய மிச்சச் சோற்றில்தான் கிருமி, ஆய்வகம் சொல்லிவிட்டது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 15
எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில்தான் பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 18
கறிக்கடை திறந்தது. ஈ காக்கை இல்லை. நாத்தனார் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "கோழி மேல தப்பில்ல. நான் வெச்ச சோறுதான் கெட்டுச்சு. ரெண்டு கிலோ போடுங்க" என்றாராம்.
கறியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே சமைத்தார். சோற்றை வடித்த கையோடு கூப்பிட்டார்: "ஆறப் போடாத. வந்து உக்காருடி."