வெள்ளிக்கிழமை வந்து பார்த்த வீடு

என் அருமைத் துரைசாமி,

உன் வருஷத் திதி முடிந்து நாலு நாள் ஆகிறது. ஐயர் சொன்ன மந்திரமெல்லாம் உனக்கு வந்து சேர்ந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் சேர்ந்தால் போதும். உனக்கு மட்டும் எழுதுவதென்றால் மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருப்பேன். நான் உன்னிடம் சொன்ன பொய்யை நாலு பேர் எதிரில்தான் சொன்னேன். அதனால் இதையும் நாலு பேர் படிக்கட்டும்.

காலை பாசஞ்சரில் நம் பெஞ்சில் உன் ஜன்னலோர இடம் காலியாகவே இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் அதுவும் பொய். மேல்பட்டியில் ஏறுகிற ஒரு வெற்றிலை வியாபாரி அங்கே உட்காருகிறார். லத்தேரி வருவதற்குள் என் தோள்மேல் சாய்ந்து தூங்கியும் விடுகிறார். நான் அவரை எழுப்புவதில்லை.

கொசப்பேட்டை வீடு நினைவிருக்கிறதா? முன்கட்டில் நானும் ருக்மணியும், பின்கட்டில் நீயும் தனமும். வீட்டுக்கார அம்மாள் கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, குடும்பத்துக்கு நாலு குடம் என்று விரல் விட்டு எண்ணுவாள். ஐந்தாவது குடத்துக்கு ருக்மணி கயிற்றைத் தொட்டால், "இன்னாம்மா, இன்னிக்கு விசேஷமா?" என்பாள். ருக்மணிக்கு நகை நட்டு ஆசையெல்லாம் கிடையாது. எண்ணாமல் இறைக்க ஒரு கிணறு, அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்காகத்தான் வேலூரை விட்டே கிளம்பினோம். கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தாவுக்கு வேலூருக்குள் சொந்த வீடு ஏது? ரயில் பாதை நெடுக ஊர் ஊராகப் போய்ப் பார்த்தேன். காட்பாடியில் விலை கேட்டதும் வந்த வழியே திரும்பினேன். குடியாத்தத்தில் ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம். மேல்பட்டி ரொம்பச் சின்னதாகப் பட்டது. ஆம்பூரில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், பின்னால் கிணற்றோடு ஒரு ஓட்டு வீடு இருக்கிறதென்று தரகர் சொன்னார். சீசன் டிக்கெட் வாங்கினால் காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ், பத்தரைக்கு நாற்காலியில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க. நல்ல நாளு," என்றார் தரகர். ருக்மணியும் அதையேதான் சொன்னாள். வீடு வாங்கப் போகிறவர்கள் லட்சுமிக்கு உகந்த நாளை விட்டுவிட்டு வேறு நாள் போவார்களா? லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம்.

தெரு சுத்தமாக இருந்தது. கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு கொட்டகை, கதவு சாத்தியிருந்தது. "ஆவாரம்பட்டை போட்டு வெக்கிற எடம்," என்றார் தரகர். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. நல்ல வெயில், குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வீட்டுக்காரரின் மனைவி, "தண்ணி எதுக்கு, மோரே குடிங்க," என்று கொத்தமல்லி கிள்ளிப்போட்டு நீர்மோர் கொண்டுவந்தாள். இரண்டு தம்ளர் குடித்தேன். ருக்மணி, "உப்பு சரியா இருக்குது," என்று மெச்சினாள்.

ஊரார் வீட்டுப் பத்திரங்களையெல்லாம் இருபது வருஷம் நகல் எழுதியவன் நான். வில்லங்கம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், நாலு பக்க எல்லையும் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை.

பால் காய்ச்சியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நீயும் தனமும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓட்டலிலிருந்து வரவழைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால வண்டிக்கே திரும்பிவிட்டீர்கள். மறுநாள் காலையில் அந்தக் கொட்டகையின் கதவு திறந்தது. என்ன நாற்றம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்து கிடந்த வாய்க்காலில் சுண்ணாம்பும் மயிருமாகத் தண்ணீர் வந்தது. வாசலுக்கு ஓடிப்போய் அங்கே நின்றிருந்த, அந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி இப்ராஹீம் பாயிடம் கேட்டேன்.

"நேத்து ஜும்மா ஆச்சே, ஐயா. வெள்ளிக்கிழமை ஷாப்பு பந்த். மத்த நாளெல்லாம் தோலு ஊறும். நீங்க கேட்டுட்டு வர்லியா?" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது.

உள்ளே ருக்மணி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "மூணு மணி நேரமா கொதிக்குது. பருப்பு வேகல," என்றாள். தோலில் தடவி வருகிற உப்பெல்லாம் ஊறி ஊறி எங்கள் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. எண்ணாமல் இறைக்கலாம், வாயில் வைக்க முடியாது.

இதுவரை நான் ஏமாந்த கதை. இதற்கு மேல்தான் எனக்கு எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆம்பூரா, மூக்கைப் பொத்திக்கொண்டா குடித்தனம் என்று முந்தின வாரம் வரை கேலி பேசியவர்கள். அவர்கள் எதிரில் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? "காத்துன்னா அப்படி ஒரு காத்து. சொந்தக் கிணறு. சொர்க்கம்," என்றேன். நீ ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். மத்தியானம் டிபன் பெட்டியைத் திறக்கும்போது மெதுவாகக் கேட்டாய்.

"அண்ணே, பக்கத்து வீடும் வெலைக்கு வருதுன்னு சொன்னீங்களே. நான் வந்து பாக்கட்டுமா? எப்ப வர்றது?"

"வெள்ளிக்கிழமை வா. நல்ல நாள்," என்றேன்.

துரைசாமி, ஆபீசில் பெருமை பேசியதைக்கூட வாய் தவறியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இது வாய் தவறியதல்ல. தெரிந்து, யோசித்து, கிழமை பார்த்துச் சொன்னது. நீயும் வாங்கிவிட்டால் நான் ஏமாளி இல்லையென்று ஆகிவிடும். என் புத்தியில் அப்போது இருந்தது அவ்வளவுதான். இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

நீ வந்தாய். வெயிலில் வந்தவன் தண்ணீர் கேட்டாய். நான் ருக்மணியைப் பார்த்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் மோர் கலக்கிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் அவள் என்னோடு பேசவில்லை. நீயோ ரயிலடி வரை சிரித்துக்கொண்டே போனாய். "அண்ணன் பக்கத்துலயே வீடு. எனக்கு இன்னா கவலை," என்றாய்.

நீ குடிவந்த பிறகு, மேலே வந்து விழுவாய், கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். திங்கட்கிழமை காலையில் பிளாட்பாரத்தில் கண்ணெல்லாம் சிவந்து நின்றாய். "ராத்திரி நல்லா தூங்கினேன் அண்ணே," என்றாய். நானும், "நான்தான் சொன்னேனே," என்றேன். என் பொய்யை நீ வாங்கிக்கொண்டு எனக்கே திருப்பிச் சொன்னாய். அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நாம் பேசாத விஷயம் கிடையாது, கிணற்றைத் தவிர.

ஒரு நாள் மாட்டிக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கி, "நீ முன்னால போ, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குது," என்று உன்னை அனுப்பிவிட்டு, ஸ்டேஷன் குழாயடிக்குத் தகர டின்னோடு போனேன். போனால் அங்கே இன்னொரு டின்னோடு நீ குனிந்து நிற்கிறாய்.

"பாப்பாவுக்கு மருந்து கலக்க," என்றாய்.

"ருக்மணிக்குக் கஷாயம்," என்றேன்.

கிளம்பும்போது இரண்டு டின்னும் கழுத்து வரை நிரம்பியிருந்தன. ஒரு ஊருக்கே கஷாயம் காய்ச்சலாம். அன்றைக்குச் சிரித்திருக்கலாம். சிரித்த சிரிப்பிலேயே, "டேய், நான்தாண்டா உன்னை மாட்டிவிட்டேன்," என்று சொல்லியிருக்கலாம். நாம் இரண்டு பேரும் டின்னைத் தூக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வீடு வந்து சேர்ந்தோம். மறுநாளிலிருந்து நீ எனக்கு முன்னால் போவாய், நான் கால் மணி கழித்து வருவேன். அதை மட்டும் பேசாமலேயே ஏற்பாடு செய்துகொண்டோம்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றில் ஆரம்பித்த காய்ச்சல் என்றார் டாக்டர். பதினோராம் நாள் போய்விட்டாய். தண்ணீரால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்க வாசல் வரை போனேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? இல்லையென்று சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருமா?

இப்போதைய சமாசாரம் சொல்கிறேன். தனம் வீட்டை விற்றுவிட்டு, பாப்பாவோடு கலவை ஊரில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போக முடிவு செய்தாள். அவளும் எவ்வளவு நாள் தனியாக இருப்பாள்? வேலூரில் கம்பவுண்டராக இருக்கிற ஒரு பையனும் அவன் பெண்சாதியும் வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. தனம் வந்து என் வாசற்படியில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கேன், மாமா," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ஒரு வார்த்தை நல்லதா சொன்னா போதும். உங்க தம்பிகூட உங்க வார்த்தையை நம்பித்தானே வாங்கினாரு."

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே உதவி கேட்டாள். அதனால்தான் என்னால் தலையாட்டாமல் இருக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை, திதிக்கு மறுநாள், அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறேழு மாசம் இருக்கும். வந்ததும் கிணற்றடிக்குத்தான் போனாள். ராட்டினத்தைத் தொட்டுப் பார்த்து, "இது நமக்கே நமக்கா?" என்று புருஷனைக் கேட்டாள். கொட்டகை சாத்தியிருந்தது. வாய்க்கால் காய்ந்திருந்தது. தனம் உள்ளேயிருந்து நீர்மோர் கொண்டுவந்தாள்.

"நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. நீங்க சொல்லுங்க ஐயா, குடி வரலாமா?" என்று பையன் என்னைக் கேட்டான். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "மோர் நல்லா இருக்குதுக்கா. உப்பு சரியா போட்டிருக்கீங்க," என்றாள்.

தனம் என்னைப் பார்த்தாள். நான் அந்தத் தம்ளரைப் பார்த்தேன்.

"அது போட்ட உப்பு இல்லம்மா. கிணத்து உப்பு," என்றேன். "இன்னிக்கு ஷாப்பு லீவு. நாளைக்கு சனிக்கிழமை வாங்க. வாய்க்கா ஓரமா ஒரு நடை நடந்து பாருங்க. நீங்களே இறைச்சுக் குடிச்சுப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

பையன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

தனம் என்னைத் திட்டவில்லை. அவர்கள் போன பிறகு தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்குச் சொல்லாததை அவங்களுக்குச் சொல்லிட்டீங்களே, மாமா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் கிணற்றடியிலேயே நின்றேன். ருக்மணி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, துரைசாமி. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ படுப்பதற்கு இரண்டு மாசம் முன்னால், மாதனூரில் என் பங்குக்கு வந்த புன்செய் நிலத்தை விற்றேன். காட்பாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். புதன்கிழமை போய்ப் பார்த்தேன். நானே இறைத்துக் குடித்தேன். இனிப்பான தண்ணீர். எனக்கென்று வரும்போது கிழமை பார்க்கத் தெரிந்திருக்கிறது, பார். உன்னை இங்கே விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது, உன்னிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு வறுத்த வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

நீ போன பிறகு அதை முடிக்க மனசு வரவில்லை, பணம் அப்படியே கிடந்தது. போன வெள்ளிக்கிழமை ராத்திரி ருக்மணியிடம், காட்பாடி வேண்டாம், அந்தப் பணத்தில் தனத்தின் வீட்டை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நல்ல தண்ணீருக்காக அஞ்சு வருஷம் காத்திருந்தவள். "அன்னிக்கு மோர் கலக்கினது நான்தானே," என்றாள்.

நீ கொடுத்த விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று தனத்திடம் சொல்லியாயிற்று. "யோசிச்சு சொல்றேன், மாமா," என்றாள். சரி என்பாள் என்றுதான் நினைக்கிறேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இரண்டு வீடும் இனி என் பொறுப்பு. உன் வீட்டை வாடகைக்கும் விடமாட்டேன். விட்டால் எவனாவது வெள்ளிக்கிழமை வந்து நிற்பான். எனக்கு இந்த ஊர்தான், ஸ்டேஷன் குழாய்தான், தகர டின்தான். இனி அதை எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு வருவேன். பாசஞ்சரில் யாராவது, ஆம்பூர் பக்கம் வீடு எப்படி, என்றைக்கு வந்து பார்க்கலாம் என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வேன். அன்று மத்தியானம், டிபன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய பதில்.

சனிக்கிழமை வா, துரைசாமி.

இப்படிக்கு,
கூடப் பிறக்காவிட்டாலும் நீ வாய் நிறைய அண்ணே என்று அழைத்த
சபாபதி