ஜோலீன் ரத்து செய்த டிக்கெட்

அம்மாவுக்கு,

கடேக் எழுதுகிறேன். மூட்டுவலி குறைந்ததா? கடற்கரையில் மசாஜுக்கு ஆள் வருகிறார்களா? பெர்த்தில் குளிரை விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஜோலீன், நம் பாலிக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். போதைப்பொருள் கடத்திய ஆஸ்திரேலியாக்காரன் ஒருவனுக்கு நம் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்துவிட்டதாம்.

"உன் மேல கோவமில்லடி. உங்க அரசாங்கத்துக்கு உறைக்கணும்ல?" என்றாள்.

"உறைக்கும், உறைக்கும். எங்கம்மாதானே அரசாங்கம்? கடற்கரையில உக்காந்து எண்ணெய் தேய்ச்சுவிடுது" என்றேன். இருவரும் சிரித்தோம்.

பிறகு, "அப்ப நான் போகணுமா, வேணாமா?" என்று கேட்டாள். நான் அடுத்த துணியை மடிக்க எடுத்தேன். உயிரை எடுப்பது எனக்கும் பிடிக்கவில்லை அம்மா. அந்த ஆள் இருக்கும் அதே சிறையில்தான் தம்பி கோமாங்கும் இருப்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் மசாஜ் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்கள். துணி மடித்து மடித்துத் தோள் விட்டுப்போகிறது. திறந்து மோந்து பார்க்கவாவது ஆகும்.

மணி அடித்துவிட்டது, போக வேண்டும். சனிக்கிழமை கோமாங்கைப் பார்க்கும்போது இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். இவர்கள் தங்கள் ஆளுக்காக ஒரு நாட்டையே ஒதுக்குகிறார்கள். ஒரு சின்னப் பொட்டலத்துக்காக அவனுக்குப் பன்னிரண்டு வருடம் விழுந்தபோது, நம் தெரு நம்மைத்தான் ஒதுக்கியது.

உங்கள் மகள்,
கடேக்